பிள்ளைகளின் மனநலம்: உங்கள் ஊரிலேயே ஒரு மாநாடு நடத்துவது எப்படி?

கூட்டம் முடிந்துவிட்டது. நன்றியுரையும் ஆயிற்று. மேடையில் இருந்தவர்கள் பொன்னாடையை மடித்துக்கொண்டு கிளம்புகிறார்கள். நாற்காலிகளை அடுக்கும்போது ஒரு அம்மா மட்டும் போகாமல் நிற்கிறார். எல்லோரும் போனதும் மெல்லக் கிட்டே வந்து கேட்கிறார்: "சார், என் பையன் ரெண்டு மாசமா ஸ்கூலுக்குப் போகமாட்டேங்கிறான். ராத்திரி தூங்குறதும் இல்ல. யாருகிட்ட காட்டுறதுன்னே தெரியல."

இந்தக் கேள்விக்கு அந்த இடத்திலேயே உங்களால் வழிகாட்ட முடிந்தால், நீங்கள் நடத்திய மாநாடு வெற்றி. "நல்ல டாக்டரா பாருங்கம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டால், எத்தனை பேர் வந்திருந்தாலும் அது வெறும் கூட்டம்தான்.

குடியிருப்போர் நலச் சங்கம், பள்ளி மேலாண்மைக் குழு, மகளிர் சுய உதவிக் குழு, நூலக வாசகர் வட்டம், இளைஞர் மன்றம் என்று பலரும் இன்று குழந்தைகளின் மனநலம் பற்றிக் கூட்டம் நடத்த ஆசைப்படுகிறார்கள். நல்ல விஷயம். மாநாடு என்றதும் பந்தல், பேனர் என்று மலைக்க வேண்டாம். 100 பேர் உட்காரும் ஒரு பள்ளிக்கூட ஹால், உங்கள் கையில் இருக்கும் செல்போன், ஆறு வார உழைப்பு போதும். அதை எப்படிச் செய்வது என்று படிப்படியாகப் பார்ப்போம்.

எதற்காக இந்த மாநாடு?

2015-16-ல் நிம்ஹான்ஸ் நிறுவனம் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாடும் இடம்பெற்றது. அதில் 13 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகளில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருப்பது தெரியவந்தது. 40 பேர் படிக்கும் ஒரு வகுப்பறையில் ஏறக்குறைய மூன்று பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த மூன்று பேரின் வீட்டிலும் பெரும்பாலும் நடப்பது ஒன்றுதான். முதலில் "சோம்பேறி" என்று திட்டு. பிறகு "கண்ணு பட்டிருக்கும்" என்று திருஷ்டி கழிப்பு. அப்புறம் வயிற்றுவலிக்கும் தலைவலிக்கும் மாற்றி மாற்றி மாத்திரை. மனசுக்கும் வைத்தியம் உண்டு, அது அரசு மருத்துவமனையில் இலவசமாகவே கிடைக்கும் என்பது பல வீடுகளுக்குத் தெரிவதில்லை. தெரிந்தவர்களும் "ஊர்ல என்ன பேசுவாங்களோ" என்று தயங்குகிறார்கள். இந்த இரண்டையும் மாற்றுவதுதான் மாநாட்டின் வேலை. ஒன்று, எங்கே போவது என்று காட்டுவது. இரண்டு, போவதில் வெட்கம் இல்லை என்று புரியவைப்பது.

முதல் படி: மண்டபத்துக்கு முன்னால் சேவைப் பட்டியல்

பெரும்பாலானவர்கள் முதலில் மண்டபம் பிடிப்பார்கள், அடுத்து சிறப்பு விருந்தினரைத் தேடுவார்கள். நீங்கள் அதைத் திருப்பிப் போடுங்கள். முதல் வாரத்தில் உங்கள் மாவட்டத்தில் என்னென்ன சேவைகள் இருக்கின்றன என்று ஒரு பட்டியல் தயார் செய்யுங்கள். தொடங்குவதற்கு இவை உதவும்:

14416 – டெலி மானஸ். 2022 அக்டோபர் 10 முதல் நாடு முழுவதும் இயங்கும் இலவச மனநல உதவி எண். 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். முதலில் ஆலோசகர் பேசுவார். தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் இணைப்பார்கள், அல்லது அருகில் உள்ள அரசு மருத்துவமனைக்கு வழிகாட்டுவார்கள்.

1098 – குழந்தைகள் உதவி எண். அடி, உதை, பாலியல் சீண்டல், குழந்தைத் திருமணம், குழந்தைத் தொழிலாளர், வீட்டை விட்டு ஓடிவந்த பிள்ளை என எதுவானாலும் 24 மணி நேரமும் அழைக்கலாம். பிள்ளைகளே நேரடியாகப் பேசலாம்.

104 – மருத்துவ ஆலோசனைக்கான மாநில உதவி எண்.

14417 – பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண். படிப்பு, தேர்வு பற்றிய வழிகாட்டுதலுக்கு.

181 – பெண்கள் உதவி எண். வீட்டில் அம்மாவுக்கு வன்முறை நடந்தால் அதன் பாதிப்பு பிள்ளை மீதும் விழும். ஆகவே இதுவும் பட்டியலில் இருக்கட்டும்.

14446 – போதைப் பழக்கத்திலிருந்து மீள வழிகாட்டும் தேசிய உதவி எண். அப்பாவின் குடியைச் சரிசெய்யாமல் பிள்ளையின் பயத்தை மட்டும் சரிசெய்ய முடியாத வீடுகள் உண்டு.

அடுத்து, நேரில் போகும் இடங்கள். மாவட்ட மனநலத் திட்டம் 1996-ல் நாட்டில் முதன்முதலாக நான்கு மாவட்டங்களில் தொடங்கியபோது, அதில் திருச்சிராப்பள்ளியும் ஒன்று. இன்று உங்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மனநலப் புறநோயாளிகள் பிரிவு இருக்கும். எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எந்த அறை எண் என்று நேரில் போய்க் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு, 1794-ல் தொடங்கிய பாரம்பரியம் கொண்ட கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம் இருக்கிறது.

பேச்சு வரத் தாமதம், ஆட்டிசம், கற்றல் குறைபாடு, ஓரிடத்தில் உட்கார முடியாத துறுதுறுப்பு போன்றவற்றுக்கு டி.இ.ஐ.சி. என்று அழைக்கப்படும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் உண்டு. பிறப்பு முதல் 18 வயது வரை இங்கே பார்க்கிறார்கள். ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டிருக்கின்றன. எனவே தனித்துவ அடையாள அட்டைக்கும் விண்ணப்பிக்கலாம். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகைத் திறன் குறைபாடு உடையவர்களுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது.

குடும்பத்துக்கான ஆதரவு என்றால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை மறக்காதீர்கள். அப்பா இல்லாத வீடு, பெற்றோருக்குக் கடுமையான நோய், பாட்டி வீட்டில் வளரும் அநாதைப் பிள்ளை போன்ற நிலையில் இருப்பவர்களுக்கு மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் ரூ.4,000 நிதி ஆதரவு பெற வழி உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் கிராமத்தில் ரூ.72,000, மற்ற இடங்களில் ரூ.96,000-க்கு மேல் போகக்கூடாது. பிள்ளையின் மன அழுத்தத்துக்குப் பின்னால் வீட்டு வாடகையும் அரிசிச் செலவும் இருக்கும்போது, ஆலோசனையோடு இந்த உதவியும் சேர்ந்தால்தான் பலன்.

ஒரு முக்கியமான வேலை: பட்டியலில் உள்ள ஒவ்வொரு எண்ணையும் அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் நீங்களே ஒருமுறை அழைத்துப் பாருங்கள். "இப்படி ஒரு கூட்டம் நடத்துறோம், சரியான விவரம் சொல்லணும்" என்று காரணம் சொல்லிக் கேளுங்கள். எண் மாறியிருந்தாலோ, மருத்துவர் வரும் கிழமை மாறியிருந்தாலோ அப்போதே தெரிந்துவிடும்.

இரண்டாம் படி: யாரை அழைப்பது?

இந்தத் துறையில் மூன்று வகையினர் இருக்கிறார்கள். மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். படித்து, அதன் மேல் மனநல மருத்துவம் படித்தவர். மருந்து எழுதித் தருவார். மருத்துவ உளவியலாளர் சோதனைகள் செய்வார், பேச்சுவழிச் சிகிச்சை தருவார். இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு பெற்றிருப்பார். ஆலோசகர் கேட்டு, பேசி, வழிகாட்டுவார். பேச அழைக்கும் முன் அவருடைய படிப்பையும் பதிவு எண்ணையும் கூச்சப்படாமல் கேளுங்கள். யூடியூபில் நன்றாகப் பேசுகிறார் என்பது மட்டும் போதாது.

மாவட்ட மனநலத் திட்டக் குழுவினரை அழைக்க, மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு ஒரு மாதம் முன்பே எழுத்துமூலம் வேண்டுகோள் கொடுங்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலருக்கும் தனியாக ஒரு கடிதம் கொடுங்கள். அரசுப் பள்ளியில் நடத்துவதாக இருந்தால் தலைமையாசிரியர் வழியாகக் கல்வி அலுவலகத்தின் அனுமதி வேண்டும்.

அங்கன்வாடிப் பணியாளர், கிராம சுகாதாரச் செவிலியர், பி.டி. ஆசிரியர், ஆட்டோவில் பிள்ளைகளை ஏற்றிப்போகும் அண்ணன், டியூஷன் எடுக்கும் அக்கா போன்றவர்களையும் விட்டுவிடாதீர்கள். பிள்ளையின் முகம் வாடியிருப்பதை வீட்டாரைவிட இவர்கள் முதலில் பார்த்திருப்பார்கள்.

மூன்றாம் படி: நாள், இடம், நேரம்

அக்டோபர் 10 உலக மனநல நாள். அந்த வாரம் பொருத்தம். தேர்வுக் காலத்தையும் முகூர்த்த நாட்களையும் தவிர்த்துவிடுங்கள். ஞாயிறு காலை 10 மணி முதல் 1 மணி வரை என்று வைத்தால் அப்பாக்களும் வர முடியும். அழைப்பிதழில் "தாய்மார்களே" என்று மட்டும் எழுதினால் அப்பா வீட்டிலேயே இருந்துவிடுவார். "அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி, யார் வேண்டுமானாலும்" என்று எழுதுங்கள்.

சக்கர நாற்காலி போகும் வழி, சுத்தமான கழிப்பறை, கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு மூலை, ஒரு பாய், இரண்டு தன்னார்வலர்கள் என இவை இருக்கின்றனவா என்று பாருங்கள். பிள்ளையை விட்டுவிட்டு வர முடியாத அம்மாவுக்குத்தான் இந்தக் கூட்டம் அதிகம் தேவை.

நான்காம் படி: நிகழ்ச்சி நிரல்

மூன்று மணி நேரத்தில் ஒரு மணி நேரம் வரவேற்புக்கும் மாலை மரியாதைக்கும் போய்விட்டால் மிச்சம் என்ன இருக்கும்? இப்படித் திட்டமிட்டுப் பாருங்கள்:

10.00 – 10.10: வரவேற்பு. பொன்னாடை வேண்டாம்.

10.10 – 10.50: எது வயசுக் கோளாறு, எது கவனிக்க வேண்டியது? மனநல மருத்துவர் பேசுகிறார். தூக்கம், பசி மாறுவது, நண்பர்களை விட்டு ஒதுங்குவது, காரணமில்லாத எரிச்சல், அடிக்கடி வயிற்றுவலி, பள்ளிக்குப் போக மறுப்பு ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் காட்ட வேண்டும் என்பது எளிய கணக்கு.

10.50 – 11.20: வீட்டில் எப்படிப் பேசுவது? இரண்டு பேர் சின்ன நாடகமாக நடித்துக் காட்டலாம். "உனக்கென்ன குறை வெச்சோம்?" என்று கேட்பதற்கும் "கொஞ்ச நாளா நீ சரியா சாப்பிடறதில்லையே, என்னப்பா ஆச்சு?" என்று கேட்பதற்கும் என்ன வித்தியாசம் என்று பார்த்தாலே புரியும்.

11.20 – 11.35: தேநீர்.

11.35 – 12.15: எந்தச் சேவை எங்கே? நீங்கள் தயாரித்த பட்டியலை, அந்தந்தத் துறையினரே விளக்கட்டும்.

12.15 – 12.45: கேள்வி நேரம். பெயர் எழுதாத சீட்டில் கேள்வி வாங்குங்கள். மைக்கைக் கையில் கொடுத்தால் ஐந்து பேர்தான் கேட்பார்கள். சீட்டு என்றால் ஐம்பது பேர் எழுதுவார்கள்.

12.45-க்குப் பிறகு: தனி அறை.

ஐந்தாம் படி: அந்தத் தனி அறை

மாநாட்டின் இதயம் மேடை அல்ல, இந்த அறைதான். கதவு மூடும்படியான இரண்டு சிறிய அறைகள், ஒவ்வொன்றிலும் பயிற்சி பெற்ற ஒரு ஆலோசகர், வெளியே ஒரு தன்னார்வலர் இருக்கட்டும். காலை 10 மணி முதலே திறந்திருக்கட்டும். உள்ளே போகிறவரை யாரும் பார்க்காதபடி, கழிப்பறைக்குப் போகும் வழியிலோ பின்வாசல் பக்கமோ அறை அமைந்தால் நல்லது.

ஆலோசகர் ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: "நீங்க சொல்றது எங்களுக்குள்ளேயே இருக்கும். ஆனா ஒரு குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்திருக்குன்னு தெரிஞ்சா, அதை நாங்க புகார் செஞ்சே ஆகணும்." 2012-ம் ஆண்டு போக்சோ சட்டப்படி இது எல்லோருக்கும் கட்டாயம். மறைத்தால் தண்டனை உண்டு. இப்படி நடந்தால் 1098-ஐயோ காவல் துறையையோ உடனே தொடர்புகொள்ள வேண்டும். ஊர்ப் பஞ்சாயத்து பேசி முடிக்கும் விஷயம் இது அல்ல.

பிள்ளை "செத்துப் போயிடலாம்னு தோணுது" என்று சொல்லியிருந்தால் அதை விளையாட்டாக எடுக்கக்கூடாது. நேராகக் கேட்டால் எண்ணம் கூடிவிடும் என்பது தவறான பயம். கேட்பதால் பிள்ளைக்குப் பாரம் இறங்கும். அந்தப் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். வீட்டில் இருக்கும் பூச்சிமருந்து, மாத்திரைகளைப் பூட்டி வையுங்கள். 14416-ஐ அழையுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் 108.

ஆறாம் படி: செல்போனை எப்படிப் பயன்படுத்துவது?

செல்போன் இந்த மாநாட்டுக்குப் பெரிய துணை. கவனமில்லாவிட்டால் அதுவே பெரிய ஆபத்து.

பதிவுக்கு ஆன்லைன் படிவம் வைத்தால் பெரியவரின் பெயர், ஊர், எத்தனை பேர் வருகிறீர்கள் என்பது மட்டும் போதும். "பிள்ளைக்கு என்ன பிரச்சினை?" என்ற கேள்வியே வேண்டாம்.

வந்தவர்களை எல்லாம் சேர்த்து வாட்ஸ்அப் குழு தொடங்காதீர்கள். குழுவில் எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரியும். "அந்த வீட்டம்மாவும் இதுல இருக்காங்களே" என்ற பேச்சு மறுநாளே கிளம்பிவிடும். பிராட்காஸ்ட் லிஸ்ட் போட்டால் செய்தி எல்லோருக்கும் போகும், ஆனால் ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியாது. அனுப்புபவரின் எண்ணை அவர்கள் போனில் சேமித்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மேடையைப் படம் எடுங்கள். பார்வையாளர்களையும் பிள்ளைகளையும் எடுக்க வேண்டாம். சிகிச்சை பெறுபவரின் படத்தையோ விவரத்தையோ அவர் சம்மதம் இல்லாமல் ஊடகங்களுக்குத் தரக்கூடாது என்று 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. நேரலையும் வேண்டாம். "நான் எப்படி மீண்டேன்" என்று ஒரு பிள்ளையை மேடையேற்றிப் பேசவைக்கும் ஆசையையும் விட்டுவிடுங்கள். இன்றைக்குக் கைதட்டல் கிடைக்கும். பத்து வருஷம் கழித்து அந்த வீடியோ அந்தப் பிள்ளையின் முன்னால் வந்து நிற்கும்.

சேவைப் பட்டியலை ஒரே பக்கமாக அச்சிட்டு, கீழே ஒரு க்யூ.ஆர். கோடு வையுங்கள். ஸ்கேன் செய்தால் அதே பட்டியல் போனுக்கு வந்துவிடும். சிறிய போன் வைத்திருப்பவருக்குக் காகிதம் இருக்கிறது.

சொற்களில் கவனம்

"பைத்தியம்", "லூசு", "மெண்டல்" போன்ற சொற்கள் கிண்டலாகக்கூட மேடையில் வரக்கூடாது என்று பேச்சாளர்களிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். தற்கொலையைப் பற்றிப் பேசினால், எப்படி நடந்தது என்ற விவரம் வேண்டாம். எங்கே உதவி கிடைக்கும் என்பது வேண்டும். "இந்தக் காலத்துப் பிள்ளைங்களே இப்படித்தான்", "எல்லாம் வளர்ப்பு சரியில்ல" என்ற பேச்சும் வேண்டாம். குற்றவுணர்வோடு வந்திருக்கும் அம்மாவை அது இன்னும் அமுக்கிவிடும்.

மாநாட்டுக்குப் பிறகு

அன்று தனி அறைக்கு வந்தவர்களில், சம்மதம் தந்தவர்களை மட்டும் 15 நாள் கழித்து ஆலோசகரோ அவர் பொறுப்பில் ஒருவரோ அழைத்துக் கேட்கட்டும்: "ஆஸ்பத்திரிக்குப் போக முடிஞ்சுதாம்மா?" போக முடியாததற்குக் காரணம் பெரும்பாலும் சின்னதாகத்தான் இருக்கும். பஸ் செலவு, அன்றைய கூலி போய்விடும் என்ற கவலை, எந்த அறை என்று தெரியாத தயக்கம். கூட ஒரு ஆள் துணைக்குப் போனாலே பாதிப் பிரச்சினை தீரும். மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை கேளுங்கள். எத்தனை பேர் வந்தார்கள் என்பதைவிட, எத்தனை வீடுகள் சேவையைப் பெற்றன என்று எண்ணிப் பாருங்கள். அதுதான் உங்கள் ஆண்டறிக்கையில் எழுத வேண்டிய எண்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பணம் எவ்வளவு தேவைப்படும்?
பள்ளி ஹாலோ சமுதாயக்கூடமோ கிடைத்து, அரசுத் துறையினர் பேச வந்தால் தேநீர், அச்சு, ஒலிபெருக்கி ஆகியவைதான் முக்கியச் செலவு. மேடை அலங்காரத்துக்கு ஒதுக்கும் பணத்தைத் தொலைவிலிருந்து வருகிறவர்களின் பஸ் செலவுக்குக் கொடுக்கலாம்.

பிள்ளைகளையும் அழைக்கலாமா?
பெரியவர்களின் கூட்டத்தில் பிள்ளையை உட்காரவைத்து அவர்களைப் பற்றியே பேசுவது சங்கடம். வளரிளம் பருவத்தினருக்குத் தனி அறையில் தனி அமர்வு வையுங்கள். வருவதும் வராததும் அவர்கள் விருப்பம்.

மனநலப் பிரிவில் காட்டினால் பிள்ளையின் எதிர்காலம் பாதிக்கப்படாதா?
சிகிச்சை விவரத்தை ரகசியமாகக் காப்பது 2017-ம் ஆண்டுச் சட்டம் தரும் உரிமை. பள்ளிக்கோ உறவினருக்கோ மருத்துவமனை தானாகச் சொல்லாது. காட்டாமல் விடுவதால் வரும் பாதிப்புதான் பெரியது.

கூட்டம் நடத்தும் அளவுக்கு எங்களிடம் ஆள் இல்லையே?
நான்கு வீட்டுக்காரர்கள் ஒரு மாலையில் மொட்டை மாடியில் உட்கார்ந்து, 14416-ம் 1098-ம் என்ன என்று பேசிக்கொண்டாலே அது ஒரு தொடக்கம்தான்.

இந்தக் கட்டுரையைப் படித்து முடித்ததும் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். உங்கள் போனில் 14416, 1098 இரண்டையும் இப்போதே சேமித்து வையுங்கள். மாநாடு நடத்தினாலும் நடத்தாவிட்டாலும், நாளைக்கு ஒரு அம்மா உங்கள் வாசலில் வந்து தயங்கி நின்றால், சொல்வதற்கு உங்களிடம் ஒரு பதில் இருக்கும்.